கொண்டை ஊசி வளைவில் ஊமையாகும் ஹார்ன்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி, ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். பொள்ளாச்சியில் வாடகைக்கு ஓடுகிறது. ஏர்பேக் வைத்த ஸ்டீயரிங், ஒற்றை டிஸ்க் ஹார்ன், நடுவில் ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). புகார்ச் சீட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: "ஹார்ன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை."

அந்தச் 'சில நேரம்' எந்த நேரம் என்று கேட்காமல் ஸ்குரூடிரைவரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். விட்டு விட்டு வரும் கோளாறுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு ஓட்டுநருக்குத்தான் தெரியும், ஆனால் தனக்குத் தெரியும் என்பது அவருக்கே பெரும்பாலும் தெரியாது. உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, விசாரிக்க வேண்டும்.

விசாரித்ததில் வந்தவை இவை. காலையில் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஹார்ன் நன்றாக அடிக்கும். ஆழியாறு வரையிலும் தொந்தரவு இல்லை. அதற்கு மேல் வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பாதி வளைவுகளில் சத்தமே வராது, அல்லது 'டக்' என்று ஒரு தட்டு மட்டும் கேட்கும். இறங்கும்போது அவ்வளவு மோசம் இல்லை. இரவில் ஊருக்குள் நெரிசலில் மாட்டினால் மறுபடியும் ஊமை.

"வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் போய்விடுகிறது அண்ணா, அதுதான் கணக்கு" என்று ஓட்டுநரே முடிவும் சொல்லிவிட்டார்.

மலைச்சாலையில் இது வெறும் எரிச்சலூட்டும் கோளாறு அல்ல. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி ஏறி வருகிறது என்பது மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஓட்டுநருக்குத் தெரிந்தால்தானே வழிவிடுவார்? சமவெளியில் ஹார்னைத் தேவையில்லாமல் அடிக்கிறவர்களே அதிகம். அதற்கு அபராதம் விதிக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194எஃப் என்ற பிரிவையே சேர்த்தார்கள். வால்பாறை வளைவில் கதை நேர்மாறு.

எங்களிடம் வருவதற்கு முன் வண்டி மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. முதல் இடத்தில் ஹார்னை மாற்றினார்கள். சில நாள் அடித்துவிட்டு அதுவும் பழைய பாட்டைப் பாடியது. இரண்டாம் இடத்தில் ரிலேயை மாற்றி, புதிய ஹார்னின் பின்புறத் திருகையும் திருகிவிட்டார்கள். மூன்றாம் இடத்தில்தான் பெரிய செலவு. ஸ்டீயரிங்கைக் கழற்றி கிளாக் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். சுழலும் ஸ்டீயரிங்குக்கும் அசையாத தண்டுப் பகுதிக்கும் இடையே ஹார்ன், ஏர்பேக் ஆகியவற்றின் மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் சுருள் நாடா அது. நாடா ஓரிடத்தில் விரிசல் விட்டால், ஸ்டீயரிங் ஒரு கோணத்தில் இருக்கும்போது தொடர்பு அறுந்து, நேராக்கினால் மீண்டும் சேரும். வளைவில் அடிக்கவில்லை என்றால் கிளாக் ஸ்பிரிங் என்று முடிவு கட்டியதில் தர்க்கம் இருக்கிறது. முட்டாள்தனமான ஊகம் என்று சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பி அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான்காவதாக ஒரு யோசனையும் ஓட்டுநருக்கு வந்திருந்தது. பழைய மின்சுற்றையே விட்டுவிட்டு, டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து, பலகுரல் ஹார்ன் ஒன்றை மாட்டிக்கொள்வது. பலகுரல் ஹார்னை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி அனுமதிப்பதில்லை. எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கப் போகும் வாடகை வண்டிக்கு இது வேண்டாத வம்பு. சுவிட்சைத் தேடிக் கையை எடுக்க வேண்டியிருப்பது வளைவில் இன்னொரு வம்பு.

சுற்று எப்படி அமைந்திருக்கிறது

இந்த வகைக் கார்களில் ஹார்னுக்கு இரண்டு பாதைகள் உண்டு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலேயின் 30-ஆம் முனை, 87-ஆம் முனை, ஹார்ன், பிறகு எர்த், அதாவது வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. இது பெரிய மின்னோட்டம் ஓடும் பாதை, ஒரு ஹார்னுக்கு ஏறத்தாழ நான்கு ஆம்பியர். இரண்டாவது, ரிலேயின் உள்ளே இருக்கும் சிறு காயிலுக்கான பாதை. 85, 86 என்ற முனைகளில் ஒன்றுக்கு பாசிட்டிவ் எப்போதும் நிற்கும். மற்றொன்று கிளாக் ஸ்பிரிங் வழியாக ஸ்டீயரிங்கிலுள்ள ஹார்ன் பட்டனுக்குப் போகிறது. பட்டனை அழுத்தினால் எர்த் கிடைத்து ரிலே இழுக்கிறது. இந்தப் பாதையில் ஓடுவது கால் ஆம்பியர்கூட இல்லை.

எனவே முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஹார்ன் அடிக்காத அந்த நேரத்தில் ரிலே இழுக்கிறதா, இல்லையா? இழுத்தால் பட்டன், கிளாக் ஸ்பிரிங், ஸ்டீயரிங் தண்டின் எர்த் எல்லாமே நிரபராதிகள். இழுக்கவில்லை என்றால் அவர்களில் ஒருவர்தான் குற்றவாளி. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் பட்டனை அழுத்த, மற்றவர் ரிலேயின் மேல் விரலை வைத்தால் போதும், துடிப்பு தெரியும். ஆனால் கோளாறு இருக்கும்போது செய்ய வேண்டும். நன்றாக அடித்துக்கொண்டிருக்கும் ஹார்னைச் சோதித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கோளாறை வரவழைத்தல்

வண்டி காலையில் வந்தது. எஞ்சின் ஆறியிருந்தது. ஹார்ன் கணீரென்று அடித்தது. பட்டனை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பினோம். ஒலி எங்கும் அறுபடவில்லை. ஸ்டீயரிங் தண்டை மேலும் கீழும் சாய்த்தும் பார்த்தோம், மாற்றம் இல்லை. ஸ்டீயரிங் கோணத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பில்லை என்பது அங்கேயே ஏறக்குறைய உறுதியானது.

அப்படியானால் வளைவில் வேறு என்ன நடக்கிறது? முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் வண்டி மெதுவாக ஏறுகிறது. எஞ்சின் சூடாகிறது. முன்னாலிருந்து வரும் காற்று குறைவு. ஏசி ஓடுகிறது. இத்தனையும் சேர்ந்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும். இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையில்லை, ஃபேன் அவ்வளவாகச் சுற்றாது. இரவு நெரிசலில் ஃபேனோடு ஹெட்லைட்டும் சேர்கிறது. ஓட்டுநர் சொன்ன எல்லா நேரங்களும் இந்தக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்தன. காலையில் ஸ்டாண்டில் இவை எதுவுமே இல்லை.

எஞ்சினை ஐடிலில் விட்டு ஏசியைப் போட்டோம். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் பட்டனை அழுத்தினால் ஹார்ன் கரகரத்தது. சற்று நேரம் ஓடவிட்டு மறுபடி அழுத்தியபோது 'டக்'. அவ்வளவுதான். ரிலேயின் மேல் வைத்த விரலில் துடிப்பு ஒவ்வொரு முறையும் தெளிவாக இருந்தது. மூன்றாவது பட்டறையில் ஆன செலவு வீண் என்பது அந்த விரல் நுனியில் தெரிந்துவிட்டது.

அப்போது இன்னொன்றையும் கவனித்தோம். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஃபேனின் இரைச்சல் தணிந்தது, விட்டதும் ஏறியது. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால் வலது விளக்கு வெள்ளையாகவும் இடது விளக்கு மஞ்சளாகவும் எரிந்தன. பட்டனை அழுத்தினால் இடது விளக்கு இன்னும் மங்கியது. ஹார்ன், ஃபேன், இடது ஹெட்லைட் மூன்றுக்கும் ஃபியூஸ் வேறு, ரிலே வேறு. மூன்றும் சேரும் இடம் முன்பக்க இடது எர்த் மட்டுமே. ஏசி சிக்னலில் நின்றால் குளிர்வதில்லை என்று இரண்டு முறை கேஸ் நிரப்பியதாகவும் ஓட்டுநர் இந்தக் கட்டத்தில்தான் சொன்னார். ஹார்னுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து முதலில் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஃபேன் தளர்ந்தால், நின்ற வண்டியில் ஏசியும் குளிராது.

மல்டிமீட்டர் சொன்ன கணக்கு

முந்தைய இடங்களிலும் மல்டிமீட்டர் இருந்தது, வோல்டேஜ் பார்த்தும் இருக்கிறார்கள். ஹார்ன் கனெக்டரைக் கழற்றி, சிவப்பு முனையை உள்ளே விட்டு, கறுப்பு முனையை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டும். 'கரண்ட் வருகிறது, ஆகவே ஹார்ன்தான் போச்சு.' இந்தச் சோதனையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. கனெக்டரைக் கழற்றியதும் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாவிட்டால் ஒற்றைச் செப்பு இழையில் தொங்கும் வயரும் முழு வோல்டேஜ் காட்டும், அடைத்த குழாயிலும் திறக்காதவரை அழுத்தம் முழுதாக நிற்பது போல. இரண்டாவது, எர்த்துக்கு எஞ்சினைத் தொட்டதால் ஹார்னின் சொந்த எர்த் வயர் சோதனைக்குள் வரவே இல்லை. குற்றவாளியை வெளியே நிறுத்திவைத்து வீட்டைச் சோதனை போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் கனெக்டரைக் கழற்றவில்லை. அதன் பின்புறத்தில் மெல்லிய ஊசி முனைகளைச் செருகி, பட்டனை அழுத்தவைத்து அளந்தோம். ஃபேன் ஓடாதபோது பேட்டரியில் 13.9 வோல்ட், ஹார்னின் இரு முனைகளுக்கு இடையே 11.6. மீதி எங்கே என்று தேடினால், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஹார்னின் பாசிட்டிவ் முனை வரை இழப்பு 0.4 வோல்ட்தான். ஹார்னின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 1.9. ஃபேனும் ஓடும்போது பேட்டரியில் 13.6, ஹார்னுக்குக் கிடைத்தது வெறும் 8.7. பாசிட்டிவ் பக்க இழப்பு அதே 0.4. எர்த் பக்கத்தில் 4.5. ஹெட்லைட்டையும் போட்டால் அது ஐந்தைத் தாண்டியது.

நல்ல எர்த்தில் இந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

இதை ஓம் அளவில் வைத்துப் பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம். நாலரை வோல்ட்டை விழுங்கும் இந்த இணைப்பின் மின்தடை அரை ஓமுக்கும் குறைவு. சாதாரண மீட்டரின் வயர்களே கால் ஓம் அளவுக்குக் காட்டும். வண்டியின் பெரிய மின்னோட்டப் பாதைகளில் ஓம் பார்ப்பது என் கணக்கில் வேலைக்கு ஆகாது. ஓடவிட்டு, வோல்டேஜ் இழப்பைப் பார்ப்பதே வழி. மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி டெஸ்ட் லாம்பாக வைத்துக்கொள்ளலாம். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுப்பதால் பொய்த் தொடர்பு அதனிடம் தோற்றுப்போகும், பல்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும். எல்.இ.டி. டெஸ்டர் இதற்கு உதவாது. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கம் மட்டும் எந்த டெஸ்ட் லாம்பையும் கொண்டுபோகக் கூடாது.

8.7 வோல்ட்டில் ஹார்ன் ஏன் 'டக்' என்று நிற்கிறது என்பதற்கு அதன் உள்ளே பார்க்க வேண்டும். மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்ததும் அதனோடு சேர்ந்த காண்டாக்ட் பிரிகிறது, மின்னோட்டம் நிற்கிறது, தகடு திரும்புகிறது, காண்டாக்ட் மறுபடி சேர்கிறது. நொடிக்குச் சில நூறு முறை இது நடந்தால் ஒலி. இழுவிசை குறைந்தால் தகடு பாதி தூரம் நகர்ந்து அங்கேயே நின்றுவிடும், காண்டாக்ட் பிரியாது. முதல் இழுப்பின் சத்தம்தான் அந்த 'டக்'. எல்லா ஹார்னும் இந்த வோல்டேஜில் ஊமையாகாது. சில கரகரத்தாவது கத்தும். இந்த ஹார்னின் பின்புறத் திருகில் ஆலையில் வைத்த சீல் உடைந்திருந்தது. இரண்டாம் பட்டறையில் அது இடம் மாறியதால் குறைந்த வோல்டேஜைத் தாங்கும் சக்தி இன்னும் குறைந்துவிட்டது.

போல்ட்டுக்கு அடியில்

முன் பம்பரை இறக்கினோம். இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் பத்தாம் எண் ஸ்பேனர் பிடிக்கும் ஒரு போல்ட். அதில் மூன்று எர்த் வயர்கள் ஒரே லக்கில் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) சேர்ந்திருந்தன. ஃபேன் சற்று முன்புதான் நின்றிருந்தது, போல்ட்டில் விரல் வைக்க முடியவில்லை. லக்கின் தகரம் பழுப்பேறி ஊதா நிறம் ஓடியிருந்தது. வயரின் கறுப்பு உறை லக்குக்கு அருகே இறுகி, வளைத்தால் ஓடு போல உடைந்தது. உள்ளே செப்பு இழைகள் பச்சை பூத்திருந்தன.

போல்ட்டைக் கழற்றியதும் விஷயம் வெளிச்சமானது. லக் உட்கார்ந்திருந்த இடத்தில் உலோகம் இல்லை, பெயின்ட் இருந்தது. வண்டியின் வெளிநிறமேதான், மேலே பளபளக்கும் லாக்கர் பூச்சோடு. லக்கின் வட்டத் தடம் அந்தப் பூச்சின் மேல் அச்சாகப் பதிந்திருந்தது.

முன்பக்கம் அடிபட்டதா என்று கேட்டோம். முந்தைய ஆண்டு ஒரு கல் சுவரில் இடித்து, இடது பக்கம் டிங்கரிங், பெயின்ட் வேலை நடந்திருக்கிறது. சட்டத்தை நிமிர்த்தி, போல்ட்டைக் கழற்றி வைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு எர்த்தைப் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். அடித்தவர் கைவேலையில் குறை சொல்ல முடியாது. அவ்வளவு வழுவழுப்பு.

அப்படியானால் அன்றே ஹார்ன் போயிருக்க வேண்டுமே என்று ஓட்டுநர் கேட்டார். நியாயமான கேள்வி. லக் தகட்டைத் தொடாவிட்டாலும் போல்ட்டின் தலையைத் தொடுகிறது, போல்ட்டின் மரை நட்டைத் தொடுகிறது. அந்த மரை வழியாகவே சில மாதங்கள் எல்லா மின்னோட்டமும் ஓடியிருக்கிறது. மலையின் மழையும் மூடுபனியும் மரையில் துரு ஏற்றின. துரு ஏற ஏறத் தடை கூடியது, தடை கூடினால் சூடு, சூட்டில் லக் தளர்ந்து தடை இன்னும் கூடியது. கோளாறு மெதுவாக முற்றியதால், டிங்கரிங் வேலையோடு அதைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரிசெய்ததும் சோதித்ததும்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். எர்த் இடத்தில் லக்கின் அகலத்துக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியச் செய்தோம். பச்சை பூத்த வயரைச் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டி, புதிய லக்குகளைக் கிரிம்ப் செய்தோம். மூன்று வயர்களை ஒரே லக்கில் திணிக்காமல், ஃபேனுக்குத் தனி லக். புதிய போல்ட், அடியில் பல் வாஷர். முடுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி. முடுக்குவதற்கு முன் பூசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் விருப்பமில்லை. உலோகம் உலோகத்தைத் தொட்ட பின் ஈரத்தை வெளியே நிறுத்துவதற்குத்தான் அது.

மறுபடி அதே அளவுகள். ஃபேன், ஹெட்லைட், ஹார்ன் மூன்றும் ஒருசேர ஓடும்போது எர்த் பக்க இழப்பு 0.08 வோல்ட். ஹார்னுக்கு 13 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தது. ஃபேனின் இரைச்சலே மாறியது, முன்னால் கை வைத்தால் காற்று இழுப்பது தெரிந்தது. இடது விளக்கும் வெள்ளையாகிவிட்டது. ஹார்ன் மட்டும் முழு வோல்டேஜில் சற்றே பிசிறடித்தது. இடம் மாறிய திருகின் வேலை அது. ஹார்னைத் தனியாக எடுத்து ஆம்பியர் மீட்டரைத் தொடரில் வைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகித் திருகி, மின்னோட்டம் அளவுக்குள் இருந்து ஒலியும் சுத்தமாக வரும் இடத்தில் நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தோம். பொருள் செலவு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தொடவில்லை. நேரம்தான் கூலி.

கிளாக் ஸ்பிரிங் அண்மையில் மாற்றப்பட்டது என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்தோம். நடு நிலையில் வைக்காமல் மாட்டினால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கும்போது நாடா அறுந்துவிடும். அறுந்தால் ஹார்னோடு ஏர்பேக்கும் போகும். சரியாகவே மாட்டியிருந்தார்கள். ஏர்பேக் விளக்கும் ஸ்டார்ட் செய்த சில நொடியில் அணைந்தது.

ரிலே இழுக்கவில்லை என்றால் வேறு கதை. அப்போது 85, 86 முனைகளில் பட்டனுக்குப் போகும் முனையை ஒரு வயரால் எர்த்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹார்ன் அடித்தால் ரிலேயும் அதற்கு அப்பாலும் நலம், கோளாறு ஸ்டீயரிங் பக்கம். அங்கே பட்டனின் காண்டாக்ட், கிளாக் ஸ்பிரிங், ஸ்டீயரிங் தண்டின் எர்த் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருப்பது கட்டாயம்.

பைக்கில் பெரும்பாலும் ரிலே இருக்காது. முழு மின்னோட்டமும் கைப்பிடி சுவிட்ச் வழியாகவே ஓடும், அதன் காண்டாக்ட் கருகும். அங்கே முதல் சந்தேகம் சுவிட்ச்தான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மட்டும் ஹார்ன் அடிக்கிறது என்றால் பேட்டரியைப் பார்க்க வேண்டும்.

கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கை ஓட்டுநர் டிக்கியில் போட்டு வைத்திருந்தார். மீட்டரில் வைத்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தோம், ஹார்ன் பாதையில் எங்கும் தொடர்பு அறவில்லை. வேறு வண்டிக்கு ஆகுமா என்று கேட்டார். ஏர்பேக் சம்பந்தப்பட்ட பொருளைப் பழையதாக வாங்கி மாட்ட நாங்கள் தயாரில்லை என்று சொன்னோம். முதல் ஹார்னை எங்கே போட்டீர்கள் என்று கேட்டதற்கு, மாற்றிய இடத்திலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார்.